பெயர் வாங்கிய ஊரும் வேலை பார்த்த ஊரும்

1890 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரு விசித்திரமான வாக்கெடுப்பு நடந்தது. கொலம்பஸ் அமெரிக்கக் கரையில் கால் வைத்து 400 ஆண்டு நிறைவதையொட்டி உலகக் கண்காட்சி நடத்தவேண்டும். எந்த ஊரில் என்பதுதான் கேள்வி. அது தனக்கே உரியது என்று நியூயார்க் நினைத்திருந்தது. துறைமுகம், வங்கிகள், பத்திரிகைகள், ஜே. பி. மார்கன் போன்ற பெரும் பணக்காரர்கள் என்று எல்லாமே அதன் பக்கம் இருந்தன. சிகாகோ, 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் மையப் பகுதியையே பறிகொடுத்துவிட்டு மறுபடி எழுந்து நின்ற ஊர். எட்டுச் சுற்று ஓட்டுப் போட்டார்கள். சிகாகோ வென்றது. நியூயார்க் பணத்தைக் காட்டி மிரட்டியபோது, லைமன் கேஜ் என்ற சிகாகோ வங்கியாளர் ஒரே நாளில் பல மில்லியன் டாலரைக் கூடுதலாகத் திரட்டிக் காட்டினார் என்று அந்த ஊர் வரலாற்றில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

நம்மில் பலருக்குச் சிகாகோ என்றதும் விவேகானந்தர்தான் நினைவுக்கு வருவார். 1893 செப்டம்பர் 11 அன்று அவர் பேசிய சர்வசமய மாநாடு இந்தக் கண்காட்சியையொட்டிக் கூட்டப்பட்டதுதான். அந்த எட்டுச் சுற்றில் நியூயார்க் வென்றிருந்தால் நம் பாடநூல்களில் 'நியூயார்க் சொற்பொழிவு' இருந்திருக்கும். இரண்டு ஊர்களின் பங்காளிக் காய்ச்சல் எங்கெங்கோ போய்த் தடம் பதிக்கிறது.

அந்தக் கண்காட்சிக்கு இன்னொரு காய்ச்சலும் இருந்தது. பாரிஸ் 1889இல் ஈபிள் கோபுரத்தை நிறுத்தி உலகத்தை வாய்பிளக்க வைத்திருந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்துக்கு ஒரு ராட்சதச் சக்கரம் செய்தார். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். ஒரே சமயத்தில் 2,000 பேருக்கு மேல் ஏறிச் சுற்றலாம். கண்காட்சி முடிந்ததும் சக்கரத்துக்கு முன்போல மவுசு இல்லை. பிரித்தெடுத்து, சிகாகோவிலேயே வேறோர் இடத்தில் சில ஆண்டு ஓட்டி, 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் ஒருமுறை ஓட்டிவிட்டு, 1906இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

ஈபிள் கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சிறு குழந்தையும் நாலு கோட்டில் வரைந்து 'பாரிஸ்' என்று சொல்லிவிடும். சிகாகோவின் சக்கரமோ இன்று உலகத்தில் திருவிழா நடக்கும் இடமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஏறுகிற எவருக்கும் சிகாகோ நினைவுக்கு வருவதில்லை. கோபுரத்தால் பாரிஸுக்குப் புகழ் கிடைத்தது, சக்கரத்தால் சிகாகோ உலகத்தை மாற்றியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'எந்த நகரம் பெரியது' என்று கேட்பதுதான் நகரங்களைப் பற்றிய நம்முடைய வாய்ச்சண்டைகள் எல்லாவற்றிலும் நடக்கிறது. புகழுக்கு ஒரு பொருள் ஓர் ஊரை விட்டு நகரக் கூடாது, வேறெங்கும் இருக்கவும் கூடாது. செல்வாக்குக்கு நேர்மாறு: எல்லா ஊரும் அதை எடுத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்பதையே மறந்துவிட வேண்டும். அதனால்தான் போட்டி நகரங்களை எடுத்துப் பார்த்தால், பெயர் ஓர் ஊருக்கும் வேலை இன்னோர் ஊருக்கும் போயிருப்பது இவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று நினைக்கிறேன்.

வானளாவிய கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் மனத்தில் வருவது நியூயார்க். ஆனால் வெளிச்சுவர் பாரத்தைத் தாங்கவேண்டிய அவசியமில்லாமல், உள்ளே இருக்கும் உலோகச் சட்டகமே கட்டடத்தைத் தாங்கட்டும் என்ற யோசனையைப் பெரிய அளவில் செய்துபார்த்தது சிகாகோ. வில்லியம் ஜென்னி 1885இல் அங்கே கட்டிமுடித்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைத்தான் உலகின் முதல் வானளாவி என்று வழக்கமாகச் சொல்வார்கள். பத்து மாடிதான், முதலாவது என்ற பட்டத்துக்கு வேறு உரிமைக்காரர்களும் உண்டு. அதை 1931இல் இடித்தார்கள். அதே 1931இல்தான் நியூயார்க்கில் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடம் திறக்கப்பட்டது. கதாசிரியன் எழுதியிருந்தால் 'மிகைப்படுத்துகிறான்' என்று திட்டியிருப்போம்.

சிகாகோ அதோடு விட்டுவிடவில்லை. டாக்காவில் வளர்ந்து, சிகாகோவில் வேலைபார்த்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்ற பொறியாளர், உயரமான கட்டடத்தைக் காற்று ஆட்டாமல் தடுக்க உள்ளே கனத்த தூண்களை நிரப்பவேண்டியதில்லை, வெளிச்சுற்றையே ஒரு குழாய் போல விறைப்பாக்கினால் போதும் என்று காட்டினார். சிகாகோவின் சியர்ஸ் டவர் அப்படிப்பட்ட ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டிவைத்தது. எல்லாம் ஒரே உயரத்துக்குப் போகவில்லை: இரண்டு 50ஆம் மாடியில் நின்றுவிடும், இரண்டு 66இல், மூன்று 90இல், கடைசி இரண்டு மட்டும் உச்சிவரை போகும். அந்தப் படிப்படியான வடிவம் அழகுக்காக வந்ததில்லை, மேலே போகப்போகக் காற்றுக்குக் காட்டும் முகம் குறைய வேண்டும் என்பதற்காக வந்தது. 442 மீட்டரோடு, நியூயார்க்கின் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்களைத் தாண்டி, 1998வரை உலகின் உயரமான கட்டடமாக நின்றது. இன்றைய துபாயின் புர்ஜ் கலிஃபாவைக்கூட வடிவமைத்தது சிகாகோ அலுவலகம் ஒன்றுதான். துபாயைப் படம் பிடிக்கிறவர்கள் ஒருவிதத்தில் சிகாகோவைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

சிகாகோவின் இன்னொரு ஏற்றுமதியைக் கண்ணால் பார்க்கவே முடியாது. 1848இல் அங்கே தொடங்கிய தானிய வர்த்தகச் சந்தை, 1865வாக்கில், இன்ன தரம், இன்ன அளவு, இன்ன மாதம் என்று ஒரே அச்சில் வார்த்த முன்பேர ஒப்பந்தங்களை நடைமுறைப்படுத்தியது. விதைக்கும்போதே அறுவடை விலை தெரிந்துவிடும் ஏற்பாடு. 1972இல் அதே ஊர் நாணயங்களுக்கும் முன்பேர வர்த்தகம் தொடங்கியது. இன்று உலகத்தில் எந்தப் பங்குச்சந்தையில் முன்பேரம் ஆடுகிறவரும் சிகாகோ வகுத்த விதியில்தான் ஆடுகிறார். ஆனால் பணச்சந்தை என்றால் உலகம் சொல்லும் பெயர் வால் ஸ்ட்ரீட்.

இங்கே ஒசாக்காவைக் கொண்டுவரவேண்டியிருக்கிறது. ஏனென்றால் முன்பேரத்தில் சிகாகோவுக்கும் மூத்த ஊர் அது. ஜப்பானை ஆண்ட டோக்குகாவா அரசு எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், இருந்தது. நாடெங்கும் இருந்த சிற்றரசர்களின் வரி அரிசி வந்து இறங்கியதோ ஒசாக்காவில். அரிசியைக் கையில் தூக்கிக்கொண்டு திரிவானேன் என்று அரிசிச் சீட்டை விற்றார்கள். பிறகு இன்னும் விளையாத அரிசியையும் விற்றார்கள். டோஜிமா அரிசிச் சந்தையில் நடந்த இந்த வியாபாரத்தை 1730இல் அரசு அங்கீகரித்தது. முறைப்படி அமைந்த உலகின் முதல் முன்பேரச் சந்தை என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்தச் சந்தையை மூடும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மரப்பெட்டிக்குள் திரி ஒன்றைக் கொளுத்தித் தொங்கவிடுவார்கள். திரி எரிந்து தீர்ந்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது. வியாபாரிகள் கேட்பார்களா? கலையாமல் கத்திக்கொண்டே இருப்பார்கள். அவர்களைக் கலைப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட ஆட்கள் வாளிவாளியாகத் தண்ணீரை அள்ளி மேலே ஊற்றுவார்கள். விலைச் செய்தியை வெளியூர்களுக்குக் குன்றுக்குக் குன்று கொடியசைத்து அனுப்பினார்கள்.

சிகாகோவில் நாணய முன்பேரத்தைத் தொடங்கிவைத்த லியோ மெலமெட், சிறுவனாக இருந்தபோது நாஜிகளுக்குத் தப்பி, சியுனே சுகிஹாரா என்ற ஜப்பானியத் தூதர் கொடுத்த விசாவில் ஜப்பான் வந்து, ஒசாக்காவுக்குப் பக்கத்து ஊரான கோபேயில் தங்கி, பிறகு அமெரிக்கா போனவர். சிகாகோவும் ஒசாக்காவும் 1973 முதல் சகோதர நகரங்கள். இந்த உறவை ஏற்படுத்தியவர்கள் அரிசியையும் கோதுமையையும் நினைத்துத்தான் செய்தார்களா தெரியாது. எனக்கு அது பொருத்தம் பார்த்துச் செய்த சம்பந்தமாகத்தான் படுகிறது.

டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையிலான போட்டி வெறும் அந்தஸ்துச் சண்டை மட்டும் கிடையாது. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ நொறுங்கிப்போனது. 1925இல் சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்துக்கொண்ட ஒசாக்கா, 21 லட்சம் மக்களோடு ஜப்பானின் முதல் நகரமானது. டோக்கியோ சும்மா இருக்குமா, 1932இல் தானும் எல்லையை விரித்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு 1964 ஒலிம்பிக், அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று டோக்கியோவையும் ஒசாக்காவையும் இணைத்த புல்லட் ரயில். பயணம் நாலு மணி நேரமானதும் இரண்டு ஊரும் சேர்ந்து வளரும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. ஒசாக்காவில் பிறந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தலைமையகத்தை டோக்கியோவுக்கு மாற்றிக்கொண்டன. அமைச்சகமும் தொலைக்காட்சி நிலையங்களும் இருக்கும் ஊருக்குத்தானே போவார்கள்.

ஆனால் நீங்களும் நானும் 'நவீன ஜப்பான்' என்று நினைப்பதில் எவ்வளவு ஒசாக்காவிலிருந்து வந்தது பாருங்கள். இன்ஸ்டன்ட் நூடுல்ஸை மோமோஃபுகு ஆண்டோ 1958இல் கண்டுபிடித்தது ஒசாக்கா மாகாணத்தின் இக்கேடாவில், வீட்டுக்குப் பின்னால் போட்ட ஒரு கொட்டகையில். உலகம் இன்று ஆண்டுக்கு 10,000 கோடிக்கும் மேற்பட்ட பொட்டலங்களைத் தின்கிறது. அதே 1958இல், அதே பகுதியில், யோஷியாகி ஷிராய்ஷி என்ற உணவகக்காரர் பீர் ஆலையில் பாட்டில்கள் கான்வேயர் பெல்ட்டில் நகர்ந்துபோவதைப் பார்த்த நினைவில், சுஷித் தட்டுகளை அப்படி ஓடவிட்டார். வேகத்துக்காக அவர் பட்ட பாடு தனிக்கதை: மெதுவாகப் போனால் சாப்பிடுகிறவர் பொறுமை இழப்பார், வேகமாகப் போனால் மீன் காய்ந்துவிடும், தட்டும் சறுக்கும். கடைசியில் விநாடிக்கு 8 சென்டிமீட்டர் என்று முடிவுசெய்தார். பெட்டி அளவு அறைகளில் படுத்துத் தூங்கும் கேப்ஸ்யூல் ஹோட்டலும் 1979இல் ஒசாக்காவின் உமேடாவில்தான் முதலில் திறந்தது. வெளிநாட்டுப் பயணி இவை மூன்றையும் டோக்கியோவில் அனுபவித்துவிட்டு, 'டோக்கியோ எப்படிப்பட்ட ஊர் தெரியுமா' என்று ஊருக்குத் திரும்பிக் கதை சொல்வார்.

சரி, இதையெல்லாம் அளப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் என்ன சொல்கிறார்கள்? நகரத் தரவரிசைகளைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். முதலிடம் யாருக்கு என்று பார்த்து முடித்ததும், எதை எண்ணினார்கள் என்ற பின்னிணைப்புக்குப் போய்விடுவேன். வேடிக்கை அங்கேதான் இருக்கும். டோக்கியோவின் மோரி நினைவு அறக்கட்டளை 2008 முதல் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. 2012இல் நியூயார்க்கை முந்திய லண்டன் அதன்பிறகு முதலிடத்தை விடவில்லை. ஒசாக்கா முதல் பத்தில் வந்ததே கிடையாது. அதில் பண்பாட்டுக்கென்று ஒரு பகுதி உண்டு. வெளிநாட்டுப் பயணிகள், சர்வதேச மாநாடுகள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றோடு ஹோட்டல் அறைகளின் எண்ணிக்கையும் அங்கே சேர்த்தி. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இன்னொரு புகழ்பெற்ற வரிசை, கணக்குத் தணிக்கை, விளம்பரம், வங்கி, சட்டம் போன்ற துறைகளின் பெருநிறுவனங்கள் எந்தெந்த ஊரில் கிளை வைத்திருக்கின்றன என்று பார்க்கிறது. நல்ல ஆய்வு, குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் தணிக்கையாளர் அலுவலகம் திறந்தபின் வந்துசேரும் பெருமை அது. முப்பது ஆண்டுக்குப் பின் உலகமே ஆடப்போகும் ஆட்டத்தை ஓர் ஊர் இன்று ஏதோ ஒரு கிடங்கில் ஆடிக்கொண்டிருந்தால், எந்தப் பட்டியலும் அதைக் கண்டுகொள்ளாது.

போட்டி நகரங்கள் என்றதும் ஆஸ்திரேலியாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் இருந்த பகை அந்த நாட்டு அரசியல் சாசனத்திலேயே இடம்பிடித்திருக்கிறது. தலைநகர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கலாம், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தூரத்தில்தான் இருக்கவேண்டும். அது தயாராகும்வரை நாடாளுமன்றம் மெல்பர்னில் கூடும். 125ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காததால் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் கான்பராவைக் கட்டினார்கள். நாடாளுமன்றம் 1927இல் அங்கே போனது. இன்னும் காய்ச்சல் தணியவில்லை: மெல்டன் என்ற புறநகரைக் கணக்கில் சேர்த்ததும் மெல்பர்ன் மக்கள்தொகையில் சிட்னியை முந்திவிட்டது என்ற செய்தி 2023இல் வந்தபோது, ஏதோ கிரிக்கெட் கோப்பை ஜெயித்ததுபோல அங்கே எழுதினார்கள்.

உலகப் புகழில் சிட்னிக்குப் பக்கத்தில்கூட மெல்பர்ன் நிற்க முடியாது. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே கட்டடம். டென்மார்க்கின் யோர்ன் உட்சன் 1957இல் ஓபரா ஹவுஸ் போட்டியில் வென்றபோது அவர் வரைந்திருந்த சிப்பி வடிவக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. ஒன்றுக்கு செய்த அச்சு இன்னொன்றுக்கு உதவாது. வருடக்கணக்கில் திண்டாடியபின், எல்லாக் கூரைகளையும் ஒரே உருண்டையின் மேற்பரப்பிலிருந்து வெட்டி எடுத்தால் என்ன என்ற விடை கிடைத்தது. 75 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு கற்பனைக் கோளம். அப்புறம் கூரையைத் தாங்கும் விலா எலும்புகளையெல்லாம் ஒரேவிதமான அச்சில் வார்த்துவிடலாம். மேலே ஸ்வீடனில் சுட்ட 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகளைப் பதித்தார்கள். 70 லட்சம் டாலரில் முடியும் என்ற வேலை 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. பெரும்பகுதி லாட்டரி நடத்திச் சேர்த்த பணம். அரசோடு மோதி 1966இல் விலகிய உட்சன் அந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1973இல் திறக்கப்பட்ட தன் கட்டடத்தை நேரில் பார்க்காமலேயே 2008இல் இறந்தார்.

மெல்பர்ன் உலகத்துக்கு என்ன கொடுத்தது? வாக்குச்சீட்டில் ஓட்டுப் போடும் விதத்தை நினைத்துப் பாருங்கள். அரசு அச்சிட்ட சீட்டு. எல்லா வேட்பாளர் பெயரும் ஒரே தாளில். ஒரு மறைவிடத்தில் தனியாக நின்று குறியிடுகிறீர்கள். மடித்துப் பெட்டியில் போடுகிறீர்கள். 1856க்கு முன் பல நாடுகளில் ஓட்டு என்பது மேடை ஏறி எல்லோர் காதிலும் விழ இன்னாருக்கு என்று சொல்வது, அல்லது கட்சி அச்சடித்துக் கொடுத்த சீட்டை எல்லோரும் பார்க்க நீட்டுவது. முதலாளி அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த விக்டோரியா 1856 மார்ச்சில் மெல்பர்னில் இயற்றிய சட்டம், இந்த ரகசிய வாக்குச்சீட்டு முறையைத் தொடங்கிவைத்த முதல் சட்டங்களில் ஒன்று. (அதே ஆண்டு ஏப்ரலில் சட்டம் போட்ட தெற்கு ஆஸ்திரேலியா பங்கு கேட்கும். நியாயம்தான்: மெல்பர்னில் வேண்டாதவர் பெயரை அடித்தார்கள், வேண்டியவருக்கு எதிரே கட்டத்தில் குறியிடும் வழக்கம் அதன் தலைநகர் அடிலெய்டு தந்தது.) பிரிட்டன் 1872இல் பின்பற்றியது. அமெரிக்க மாநிலங்கள் 1888இல் தொடங்கி ஏற்றுக்கொண்டன. பிறகு உலகமே. ஓபரா ஹவுஸை வரைந்துகாட்டி 'எந்த ஊர்' என்று கேட்டால் பதில் வரும். வாக்குச்சீட்டை நீட்டிக் கேட்டால் யாருக்கு வரும்?

விமானக் கருப்புப் பெட்டியும் மெல்பர்ன்தான். டேவிட் வாரன் என்ற ஆய்வாளர் 1950களில் அங்கிருந்த வானூர்தி ஆய்வகத்தில் செய்தது. அவருடைய தந்தை 1934இல் விமான விபத்தில் இறந்தவர். விமானி அறைப் பேச்சைப் பதிவுசெய்யும் அந்தப் பெட்டியை உள்நாட்டில் முதலில் யாரும் மதிக்கவில்லை. பிரிட்டன்காரர்கள் பார்த்துத்தான் அது பிழைத்தது. செவித்திறன் இழந்தவர்களுக்கான காக்ளியர் கருவியில் கிரேம் கிளார்க் 1978இல் செய்த முன்னோடி அறுவைச் சிகிச்சையும் மெல்பர்னில் நடந்ததே. அந்தக் கருவியை உலகெங்கும் விற்கும் நிறுவனத்தின் தலைமையகம் எங்கே? சிட்னியில்.

ரியோவுக்கும் சாவோ பாவ்லோவுக்கும் இதே கதை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சாவோ பாவ்லோவில் 1 கோடியே 14 லட்சம் பேர், ரியோவில் 62 லட்சம். பணமும் பங்குச்சந்தையும் சாவோ பாவ்லோவில். 1951 முதல் அங்கே இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி, இந்த வகையில் வெனிஸுக்கு அடுத்த மூத்தது. பிக்காசோவின் குவெர்னிக்காவே அங்கு வந்து தொங்கியிருக்கிறது. 2007இல் தெருவிளம்பரப் பலகைகளை ஒட்டுமொத்தமாக அகற்றி, விளம்பரமில்லாமலும் ஒரு மாநகரம் இருக்க முடியும் என்று காட்டியது. ஆனால் 1960இல் தலைநகர் அந்தஸ்தை பிரசீலியாவிடம் இழந்த ரியோவிடம் மலையும் கடலும், 1931இல் கட்டிமுடித்த கிறிஸ்து சிலையும் இருக்கின்றன. பிரேசில் பற்றிய எந்தச் செய்திக்கும் அந்தச் சிலையின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள், செய்தி சாவோ பாவ்லோவைப் பற்றியதாக இருந்தாலும்.

இரண்டாம் ஊர்கள் ஏன் இப்படி? அரசவையும் அமைச்சகமும் இல்லாத ஊர் பிழைப்புக்காக, மற்றவர்கள் பயன்படுத்தக்கூடிய எதையாவது செய்து விற்கவேண்டியிருக்கிறது. சிகாகோ, ஒசாக்கா, சாவோ பாவ்லோ மூன்றுமே தானியம், அரிசி, காப்பி என்று சரக்கு கைமாற்றி வளர்ந்தவை. கதை எழுதுகிறவர்கள் முதல் ஊரில் இருக்கிறார்கள். நியூயார்க் இதழ் ஒன்றில் 1952இல் ஓர் எழுத்தாளர் சிகாகோவை 'இரண்டாம் நகரம்' என்று இளக்காரமாக எழுதினார். 1959இல் அங்கே தொடங்கிய நகைச்சுவை நாடகக் குழு அந்த இளக்காரத்தையே தன் பெயராக வைத்துக்கொண்டது. எழுதிவைத்த வசனம் இல்லாமல் மேடையில் அந்தந்த நேரத்தில் நடிக்கும் கலையில் அங்கே பயின்றவர்கள், 1975இல் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அது இன்றும் வாராவாரம் 'நியூயார்க்கிலிருந்து நேரலை' என்று கூவித்தான் தொடங்குகிறது.

இதைச் சொல்லிவிட்டு, முதல் ஊர்கள் எல்லாம் வெறும் விளம்பரப் பலகை என்று முடித்துவிட முடியாது. நியூயார்க்கின் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியின் பொழுதுபோக்கு அறையில், தன் தங்கை நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு ஓட்டிய இளைஞன் கூல் ஹெர்க், பாட்டில் தாளம் மட்டும் தனித்து வரும் அந்தச் சில விநாடிகளை இரண்டு இசைத்தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டினான். ஹிப்ஹாப் அங்கே பிறந்தது என்பார்கள். ஹெர்க் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் வந்தவன். பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் நிறுத்தி ஆடவைக்கும் வழக்கம் கிங்ஸ்டனுடையது. அப்படியானால் பெருமை எந்த ஊருக்கு? நியூயார்க்கின் உண்மையான திறமை, வந்தவனை எல்லாம் நியூயார்க்காரனாக்கிவிடுவது. சில சமயம் அது திரும்பியும் பாயும். பிராங்ஸில் பிறந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977இல் சிகாகோவுக்குப் போய், ஒரு பழைய கிடங்கில் நடந்த இரவு விடுதியில் இசைத்தட்டு ஓட்டினார். ஹவுஸ் என்ற நடன இசை அங்கிருந்து கிளம்பியது.

புகழுக்கே ஒரு செல்வாக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் நல்ல செல்வாக்காக எனக்குத் தோன்றவில்லை. சிட்னியைப் பார்த்து, 1997இல் ஸ்பெயினின் பில்பாவோவில் கூகன்ஹைம் அருங்காட்சியகம் வந்த பிறகு இன்னும் வேகமாக, தங்களுக்கும் ஒரு வளைந்து நெளிந்த கட்டடம் வேண்டும் என்று நகரசபைகள் அலைந்தன. மாட்ரிட்டோடு காலங்காலமாக மல்லுக்கு நிற்கும் பார்சிலோனா, 1992 ஒலிம்பிக்கால் கடற்கரையை மீட்டு உலகத்தின் கண்ணில் பட்டது. போட்டியில் வென்றாயிற்று. 2024 ஜூலையில் அந்த ஊர் மக்கள் உணவகங்களில் உட்கார்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி அடித்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் 10,101 குடியிருப்புகளின் உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடித்துவிடப் போவதாக மேயர் அறிவித்திருக்கிறார். ஊர்க்காரர்களுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. புதிதாக எதையாவது செய்துபார்க்கும் இருபது வயதுக்காரனுக்கு மலிவான அறை வேண்டும்; புகழ் முதலில் பறிப்பது அதைத்தான்.

டெட்ராய்ட்டுக்குப் புகழால் அப்படி எந்தத் தொந்தரவும் வரவில்லை. கார் தொழில் சரிந்து ஊர் காலியாகிக்கொண்டிருந்த 1980களில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கருப்பின இளைஞர்கள் மலிவான மின்னணுக் கருவிகளில் உருவாக்கியது டெக்னோ என்ற நடன இசை. 1989இல் சுவர் இடிந்ததும் பெர்லினின் கிழக்குப் பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்களில் அந்த இசை குடியேறியது. டெட்ராய்ட் கலைஞர்களை அங்கே வரவழைத்தார்கள், மரியாதை செய்தார்கள். அதில் குறை இல்லை. 2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் டெக்னோவுக்காகவே பெர்லினுக்கு விமானம் ஏறுகிறார்கள். டெட்ராய்ட்டின் ஈஸ்ட் கிராண்ட் புல்வார்டில் ஓர் இசைத்தட்டு விநியோகக் குழுவின் கட்டடத்தில் டெக்னோவுக்கென்று சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகவேண்டும். அடுத்த தரவரிசையில் பெர்லினுக்குப் பண்பாட்டில் இரண்டு மதிப்பெண் கூடியிருந்தால் நான் பின்னிணைப்பைப் பார்க்க மாட்டேன், எங்கிருந்து வந்தது என்று தெரியும்.